ஆற்றுக்குக் குளிக்கப் போனவர்கள்

பெங்களூரு
அக்டோபர் 9

அன்புள்ள மதினி,

ஒரு வாரமாக நீங்கள் என் போனை எடுக்கவில்லை. அப்பாவிடம் கேட்டால் "அவ ஆபீசுல இருக்கா" என்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் அதையேதான் சொன்னார். அதனால் இந்தக் கடிதம். கடைசியாக நான் யாருக்குத் தாளில் எழுதினேன் என்று நினைவில்லை. உங்கள் வீட்டு பின்கோடைக்கூடத் தேடித்தான் போட்டேன்.

அன்றைக்கு நான் குரலை உயர்த்தியிருக்கக் கூடாது. ஆனால் கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்ல?

எங்கள் ஆய்வு உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்கள் குடிநீர்ப் பிரிவில் நீங்கள் பேசிச் சம்மதம் வாங்கியதால்தான் அது திருநெல்வேலியில் நடக்கிறது. எந்தப் பகுதியில் எந்த நேரத்தில் எத்தனை கைப்பேசிகள் இருக்கின்றன என்ற எண்ணிக்கை எங்களுக்கு வருகிறது. பெயர் இல்லை, நம்பர் இல்லை, வெறும் தலைக்கணக்கு. ஜனங்கள் எங்கே இருப்பார்கள் என்று தெரிந்தால், நாளைக்கு எந்த டேங்குக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று இன்றைக்கே சொல்லிவிடலாம். அந்தக் கணக்கைச் சரிபார்க்க, சம்மதித்த சில பேருடைய போனில் மட்டும் ஒரு செயலியைப் போட்டோம். அப்பாவும் சரி என்றார். அவர்களும் எங்களுக்குப் பெயரில்லாத புள்ளிகள்தான். தனித்தனியாக யாரையும் பின்தொடர்ந்து பார்க்கக் கூடாது என்பது விதி.

நான் பார்த்தேன். மகள் என்பதால், உங்கள் வீட்டிலிருக்கும் புள்ளியைத் தேடிப் பார்த்தேன்.

அப்பா தினமும் விடியுமுன்னே வீட்டிலிருந்து கிளம்பி ஆற்றுக்குப் போகிறார். எழுபது தாண்டியவர், போன வருஷம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது. அண்ணன் கப்பலில் இருக்கிறார், நான் இங்கே இருக்கிறேன், அப்பாவை உங்கள் பொறுப்பில் விட்டிருக்கிறோம். அந்தப் பதற்றத்தில்தான், ஊருக்கெல்லாம் தண்ணீர் விடுகிற எஞ்சினியர் வீட்டில் என் அப்பாவுக்குக் குளிக்க ஒரு வாளித் தண்ணீர் இல்லையா என்று கேட்டுவிட்டேன்.

அந்தக் கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை, மதினி. பதில் எனக்கு இன்னும் தெரியாது.

அண்ணனிடம் எதுவும் சொல்லவில்லை.

அபிஷா


திருநெல்வேலி
அக்டோபர் 17

அபி,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. போனைவிட இது நல்லது. போனில் நீ பேசி முடிக்கும்வரை நான் காத்திருக்க வேண்டும். தாளில் அந்தக் கஷ்டம் இல்லை.

உன் கேள்விக்குப் பதில்: தண்ணீர் இருக்கிறது. மாமாவுக்குத் தினமும் காலையில் வெந்நீர் போட்டு வைக்கிறேன். அது ஆறி, சாயங்காலம் செம்பருத்திச் செடிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

உங்கள் அம்மா தவறிய பிறகு உவரி வீட்டைப் பூட்டிவிட்டு அவரை இங்கே கூட்டி வந்தோமே, அந்த முதல் மாதம் நீ பார்க்கவில்லை. குளியலறைக்குள் போய் வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "கடல்ல கெடந்தவன் இதுல எங்கம்மா முங்க?" என்று ஒரு நாள் கேட்டார். சோற்றில் எதை ஊற்றினாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். அப்புறம் ஒரு காலை, யாரிடமும் சொல்லாமல் சிந்துபூந்துறைப் படித்துறைக்குப் போய் முங்கிவிட்டு வந்தார். அன்றைக்கு மத்தியானம் குழம்பில் உப்பு இல்லை என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு மாதத்தில் அவர் சொன்ன முதல் குறை அது.

டாக்டரிடம் கேட்டேன். நீந்த வேண்டாம், முங்கலாம் என்றார். படித்துறைக்கு மேலே ஜுபைதா பீவி டீக்கடை வைத்திருக்கிறார். மாமா தண்ணீருக்குள் இறங்கினால் ஏறும்வரை ஒரு கண் வைத்துக்கொள்கிறார். நான் கேட்டுக்கொண்டதால் செய்கிறார். இதையெல்லாம் உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நீ பயப்படுவாய் என்று நினைத்தேன். அது என் தப்பு என்றால் சரி, என் தப்புதான்.

அவர் ஒருவர் மட்டுமா போகிறார்? எங்கள் பக்கத்துத் தெருக்களில் பாதிப் பேர் சோப்பு டப்பாவோடும் துணி வாளியோடும் ஆற்றுக்குத்தான் போகிறார்கள். விடிகாலையில் சிந்துபூந்துறையில் குழாயைத் திறக்க ஆளே இருக்காது. பிறகு எல்லாரும் ஈரத் தலையோடு திரும்பி வருவார்கள்.

அவர் எங்கே போகிறார் என்று தெரிந்துகொள்ளச் செயலி எதற்கு அபி? தினமும் அவரோடு பேசுகிறாய். மாத்திரை போட்டாரா, தூங்கினாரா என்று கேட்கிறாய். இன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா?

இன்னொன்று. நீ வாளித் தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. மாமா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவர் ஆற்றுக்குப் போகவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எனக்குக் கேட்க வேண்டும் என்றே, சத்தமாகத் தண்ணீரை மோந்து மோந்து ஊற்றினார். இன்றுவரை அப்படித்தான் குளிக்கிறார். ஆற்றுப் பக்கம் போவதில்லை.

அதுதான் எனக்கு ஆறவில்லை. போனை எடுக்காததற்கு வேறு காரணம் இல்லை.

ஃபிளோரா


பெங்களூரு
நவம்பர் 3

அன்புள்ள மதினி,

அப்பா சத்தமாகத் தண்ணீர் ஊற்றினார் என்ற இடத்தில் தாளை மடித்து வைத்துவிட்டேன். மிச்சத்தை மறுநாள்தான் படித்தேன்.

என்னை மன்னித்துவிடுங்கள். இந்த முறை 'ஆனால்' போடவில்லை.

நீங்கள் சொன்னபடி அப்பாவிடம், முன்பெல்லாம் காலையில் ஆற்றில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு காலைக் கடிக்கும் மீன்குஞ்சுகளில் ஆரம்பித்து, உவரிக் கடலுக்கும் ஆற்றுக்கும் குளிரில் என்ன வித்தியாசம் என்பதுவரை போனார். நான் குறுக்கே பேசவில்லை. வைக்கும்போது, "நான் நாளைக்கு ஆத்துக்குப் போட்டுமா மக்கா?" என்று கேட்டார். என்னிடம் அனுமதி கேட்கிறார், மதினி. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. போங்கப்பா என்றேன்.

இனி எழுதுவது வேலை சம்பந்தப்பட்டது. உங்கள் கடிதத்திலிருந்துதான் கிடைத்தது.

'விடிகாலையில் குழாயைத் திறக்க ஆளே இருக்காது' என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் கணக்கிலும் அது இருக்கிறது. காலையில் ஆற்றோரத் தெருக்கள் காலியாகின்றன. எங்கள் கணக்கு அவர்களை வேலைக்குப் போகிறவர்கள் என்று எடுத்துக்கொண்டது. அதனால் சிந்துபூந்துறை டேங்குக்குக் குறைந்த தண்ணீர் போதும் என்று நாங்கள் சொல்லி வருகிறோம். போதுமானதாகவும் இருக்கிறது. விடை சரி, காரணம் தப்பு.

ஆற்றில் இறங்க முடியாத ஒரு நாள் வந்தால்? அத்தனை பேரும் வீட்டுக் குழாயில்தான் குளிக்க வேண்டும், துவைக்க வேண்டும். நாங்களோ அன்றைக்கும் குறைவாகவே கேட்டிருப்போம். வெள்ளம் வருகிற நாள் அப்படிப்பட்ட நாள்தானே? கடைத்தெருவுக்கு யாரும் வரமாட்டார்கள். ஆனால் கடைத்தெரு டேங்குக்கு அதிகத் தண்ணீர் ஏற்றச் சொல்லியிருப்போம். ஊருக்கு நடுவே ஓடுகிற ஆற்றை நாங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. என் குழுவில் திருநெல்வேலிப் பக்கத்து ஆள் நான் ஒருத்திதான்.

சமீபத்தில் படித்துறையை மூடிய நாள் ஏதாவது உண்டா? அன்றைக்கு சிந்துபூந்துறை டேங்கில் என்ன நடந்தது என்று பார்த்துச் சொல்வீர்களா? மதினியாக வேண்டாம். எஞ்சினியராகச் சொன்னால் போதும்.

அபிஷா


திருநெல்வேலி
நவம்பர் 14

அபி,

எஞ்சினியராகவே எழுதுகிறேன்.

போன மாதம் அணையில் தண்ணீர் திறந்தபோது இரண்டு நாள் படித்துறையில் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. அந்த இரண்டு நாளும் சிந்துபூந்துறை டேங்க் காலையிலேயே வற்றியிருக்கிறது. வால்வு திறக்கிற பேச்சிராஜைக் கேட்டேன். "எங்கயோ குழாய் ஒடைஞ்சிருக்குன்னு நெனச்சு ரெண்டு எடத்துல தோண்டிப் பாத்தோம் மேடம். ஒரு ஒடைப்பும் இல்ல" என்றார். நானும் உடைப்பு என்றுதான் அறிக்கையில் எழுதியிருந்தேன். யாருக்கும் ஆறு ஞாபகம் வரவில்லை.

எங்கள் மேலதிகாரி கொம்பையா சாரிடம் சொன்னேன். "ஆத்துக்குக் குளிக்கப் போறவனை எல்லாம் கம்ப்யூட்டர்ல சேக்க முடியுமாம்மா?" என்று சிரித்தார். மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஆறு மூடியிருக்கிற நாளுக்கென்று தனியாக ஒரு கணக்குப் போட்டு ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பு. மழை வலுக்கும் முன்னே வேண்டும்.

மாமா மறுபடி ஆற்றுக்குப் போகிறார். "மக மீனைப் பத்திக் கேட்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் சமையலைப் பற்றிய குறைகளும் திரும்பிவிட்டன.

உன்மேல் கோபம் இன்னும் இருக்கிறது. முன்பு இருந்த அளவுக்கு இல்லை.

ஃபிளோரா


பெங்களூரு
டிசம்பர் 12

மதினி,

இதைத் தபாலில் போடுவேனா என்று தெரியவில்லை. கையைச் சும்மா வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

நேற்றிலிருந்து தொலைக்காட்சியில் உங்கள் ஊர்தான். பாலத்தை உரசிக்கொண்டு ஆறு போகிறது. ரெண்டு வருஷத்துக்கு முந்திய வெள்ளத்தில் நாம் எல்லாரும் பட்டதை நினைத்தால் பயமாக இருக்கிறது. உங்கள் போன் போகவில்லை. அப்பாவின் போன் அடிக்கிறது, எடுக்க ஆளில்லை.

பார்க்க மாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன். இன்றைக்குப் பார்த்துவிட்டேன். அப்பாவின் புள்ளி படித்துறையில் இருக்கிறது. விடிகாலையில் போயிருக்கிறது. அதற்குப் பிறகு அசையவில்லை.

நான்தானே அவரைப் போகச் சொன்னேன்?

புள்ளி நகராவிட்டால் ஆள் ஓரிடத்தில் தங்கியிருக்கிறார் என்று அர்த்தம். எங்கள் கட்டுரையில் அப்படித்தான் எழுதியிருக்கிறோம். அந்த வரியை எழுதியவள் நான்.

நீங்கள் ஏதாவது ஒரு டேங்குக்குக் கீழே நனைந்துகொண்டு நிற்பீர்கள். அது தெரியும். அப்பா எங்கே, மதினி?

அபி


திருநெல்வேலி
டிசம்பர் 16

அன்புள்ள அபி,

பன்னிரண்டாம் தேதி மத்தியானம், சிந்துபூந்துறை மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சரின் போனை வாங்கி உன்னைக் கூப்பிட்டேன். "மாமா நல்லா இருக்காவ" என்று சொன்னதோடு லைன் போய்விட்டது. நீ அழுத சத்தம் மட்டும் கேட்டது. நேற்று உன் கடிதமும் வந்தது. மாமா கண்ணில் படாமல் பீரோவில் வைத்துவிட்டேன். நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

பதினோராம் தேதி காலை, அணை திறக்கப் போகிறார்கள் என்று தகவல் வந்தது. ஆற்றில் இருக்கிற எங்கள் மோட்டார்களைச் சாயங்காலத்துக்குள் நிறுத்தியாக வேண்டும். இருக்கிற நேரத்துக்கு எல்லா டேங்கையும் நிரப்ப முடியாது. இப்படிப்பட்ட சமயத்தில் கடைத்தெரு டேங்கைத்தான் முதலில் நிரப்புவது வழக்கம். நான் உன் புதுக் கணக்கைக் கொண்டுபோய் கொம்பையா சாரின் மேஜையில் வைத்து, சிந்துபூந்துறைக்கு முதலில் ஏற்ற வேண்டும் என்றேன். அவர் அதைப் படிக்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"கடைத்தெருல தண்ணி இல்லாமப் போச்சுன்னா யாரும்மா பதில் சொல்லுவா?"

"நான் சொல்லுதேன் சார்."

"எழுதிக் குடுப்பீயளா?"

எழுதிக் கொடுத்தேன். உன் அண்ணனிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். நானும் பேச்சிராஜும் வால்வுகளைத் திருப்பினோம். சாயங்காலம் மோட்டார் நின்றபோது சிந்துபூந்துறை டேங்க் விளிம்புவரை இருந்தது. கடைத்தெரு டேங்க் பாதிகூட இல்லை. நான் ஆபீசிலேயே தங்கிவிட்டேன்.

விடிந்ததும் மாமாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வீட்டுக்குப் போனேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கட்டிலில் ஆள் இல்லை, கொடியில் துண்டும் இல்லை.

படித்துறைக்கு ஓடினேன். படிகள் எதுவும் தெரியவில்லை. ஜுபைதா பீவியின் கடைக்குள் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற போலீஸ்காரர் யாரையும் பார்க்கவில்லை என்றார். அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று எழுத மாட்டேன். ஒரு வாளித் தண்ணீர் இல்லையா என்று நீ கேட்டது மட்டும் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேனோ, தெரியாது. பேச்சிராஜ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்தில் தாழ்ந்த தெருக்காரர்கள் எல்லாரும் வந்து நிறைந்துவிட்டார்கள், குழாயடியில் ஒரு பெரியவர் நின்றுகொண்டு வால்வு திறக்கிற எனக்கே உத்தரவு போடுகிறார், நீங்கள் வந்து பேசுங்கள் என்றார். எந்தப் பெரியவர் என்று நான் கேட்கவே இல்லை. ஓடினேன்.

உன் அப்பாதான். தலையில் துண்டு, இடுப்பில் நனைந்த வேட்டி. கடற்கரையில் வலை இழுக்க ஆள் நிறுத்துகிற மாதிரி, குடத்தோடு வந்தவர்களை ஒரு வரிசையில் நிறுத்தி வைத்திருந்தார். கைக்குழந்தைக்காரிகள் முன்னால். என்னைப் பார்த்ததும், "வாம்மா ஃபிளோரா. இன்னொரு குழாயையும் தொறக்கச் சொல்லு, கூட்டம் தாங்கல" என்றார்.

விடியுமுன் ஆறு எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போயிருக்கிறார். மேல்படிவரை தண்ணீர் ஏறியதைப் பார்த்துவிட்டு, பின்னால் குளிக்க வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பியிருக்கிறார். பிறகு ஜுபைதா பீவியின் அடுப்பையும் சிலிண்டரையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்ற ஒத்தாசை செய்திருக்கிறார். அந்த அவசரத்தில், சார்ஜ் போட்டிருந்த போனைக் கடையின் மேல் பலகையிலேயே மறந்துவிட்டார். நீ பார்த்த புள்ளி அந்தப் பலகைதான்.

எல்லார் முன்னாலும் மாமாவை ஏசினேன் அபி. இந்தப் பத்து வருஷத்தில் அவரிடம் ஒரு சொல் கூடுதலாகப் பேசியதில்லை. அன்றைக்கு, சொல்லாமல் எப்படிப் போகலாம், உங்கள் மகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கு நீந்தவும் தெரியும். எங்க நீந்தக் கூடாதுன்னும் தெரியும். அழாத மக்ளே. தண்ணி நல்லா வருது, பாரு."

அப்போதுதான் நானும் குழாயைப் பார்த்தேன். நல்ல வேகத்தில் வந்துகொண்டிருந்தது.

மோட்டார் மறுபடி ஓடும்வரை சிந்துபூந்துறையில் குழாய்த் தண்ணீர் நிற்கவில்லை. கடைத்தெருவில் கடைகளே திறக்கவில்லை, அந்தப் பாதி டேங்க் அப்படியே இருந்தது. எல்லாம் சரியாக நடந்தது என்று எண்ணிவிடாதே. தாழ்ந்த தெருவில் வீட்டுச் சாமான்கள் நிறையப் போய்விட்டன. நாங்கள் நிரப்ப முடியாமல் விட்ட மீனாட்சிபுரம் டேங்கிலிருந்து மேட்டு வீடுகளுக்கு ஒரு நாள் தண்ணீர் ஏறவில்லை, அங்கே போய் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடத்துக்கு அத்தனை பேர் வருவார்கள் என்பது உன் கணக்கில் இல்லை. என் கணக்கிலும் இல்லை. டேங்க் நிறைய இருந்ததால் தப்பித்தோம்.

நேற்று கொம்பையா சார் என் மேஜைக்கு வந்து, நான் எழுதிக் கொடுத்த தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "அடுத்த வாரத்துக்கு உங்க நாத்தனா கணக்கு வந்துட்டாம்மா?" என்று கேட்டார். வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

மாமாவுக்குக் கொஞ்சம் சளி, வேறொன்றும் இல்லை. டாக்டர் பார்த்துவிட்டார். ஆறு தெளியும்வரை வீட்டில்தான் குளிக்க வேண்டும் என்று நான் உத்தரவு போட்டிருக்கிறேன். முனகிக்கொண்டே கேட்கிறார்.

உன் அண்ணனிடம் பேசினேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நம் சண்டை உட்பட. சிரிக்கிறார்.

உன்மேல் இப்போது கோபம் இல்லை. எப்போது போனது என்று கேட்டால் தெரியாது.

ஃபிளோரா


பெங்களூரு
டிசம்பர் 19

அன்புள்ள மதினி,

விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன், இது எனக்கு முன்னால் உங்களிடம் வந்து சேர வேண்டும்.

உங்கள் கடிதத்தை ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். அப்பா வரிசையில் நிறுத்திய இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். காவலாளி என்ன என்று எட்டிப் பார்த்தார். அந்தப் பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன்.

அப்பாவைப் பின்தொடர்ந்து பார்த்ததை, ஆய்வை நடத்துகிற பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், வேலை போகவில்லை. அப்பாவை ஆய்விலிருந்து எடுத்தாகிவிட்டது. செயலியை நீங்களே அவர் போனிலிருந்து நீக்கிவிடுங்கள். ஆற்றையும் பள்ளிக்கூடங்களையும் கணக்கில் சேர்க்கும் வேலையை நேற்றே ஆரம்பித்துவிட்டோம். அடுத்த வாரத்துக்கான கணக்கு கொம்பையா சாருக்கு நாளைக் காலையில் வந்துவிடும். மீனாட்சிபுரத்து மேட்டு வீடுகளைப் பற்றி உங்களிடம் கேட்க நிறைய இருக்கிறது. நேரில் கேட்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். ரயில் டிக்கெட் கிடைத்துவிட்டது, இருபத்துநாலாம் தேதி காலையில் இறங்குகிறேன். அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம். சொன்னால் அவரும் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவார்.

நீங்கள் மட்டும் வாருங்கள், மதினி. நான் முதலில் உங்களைப் பார்க்க வேண்டும்.

உங்கள் அபி